எங்கள் முறை செவ்வாயும் சனியும்

நீர்வேலி தெற்கு,
12.09.2024.

அன்பு மகன் கோபிசங்கர், மருமகள் பிரசாந்தி, பேத்தி மூவருக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் உன் அம்மாவின் வழமை. இப்போது இங்கே நாங்கள் என்றால் நான் ஒருவன்தான். நான் சுகம். உன் செடிகள் என்னைவிடச் சுகம். அவற்றின் அறைக்குள் இருபத்திரண்டு பாகை, எனக்கு விறாந்தையில் முப்பத்தைந்து. ஆனி மாதம் கொஞ்சம் அலுப்பாக இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் சின்னம்மா நாகேஸ்வரி. தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்த கை. போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். குரலைப் பதிந்து அனுப்பினால் தன் அப்பா அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார் என்று பேத்தி சிரித்துச் சிரித்துச் சொன்னாள், போன தைப்பொங்கலுக்கு. கடதாசியை அப்படி ஓடவிட ஏலாது. நாகேஸ்வரி இதைப் படம் பிடித்து மெல்பேணுக்கு இன்றே அனுப்புவாள், கடதாசி பின்னால் தபாலில் வரும்.

விஷயம், உன் செடிகளைப் பார்க்கிற யசிந்தா. இந்த மாதம் முப்பதாம் திகதியோடு அவளை வேலையால் நிற்பாட்டப் போவதாகச் சொல்லிவிட்டாய். அவளுக்குப் பதிலாக ஒரு பெட்டி வருகிறது, தண்ணீரின் அளவு பிழைத்தால் அதுவே கண்டுபிடித்து அதுவே திருத்தும், அறைக்குள் ஒரு கமெரா பூட்டினால் இனி ஒருவரும் உள்ளே போகத் தேவையில்லை என்றாய். நான் போனில் ஓம் ஓம் என்றுதான் சொன்னேன். வைத்த பிறகு யோசித்தேன். அதுதான் இந்தக் கடிதம்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமையே நீ இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தாய். யன்னல்களை அடைத்தாய். அம்மா கடைசியில் படுத்திருந்த கட்டில் கிடந்த இடத்தில் ஐந்து தட்டு அடுக்கு வந்தது. ஊதா வெளிச்சம் வந்தது. மண் இல்லை, தென்னந் தும்புச்சோறுகூட இல்லை, குழாய்க்குள் ஓடுகிற தண்ணீரில் வேர் வெள்ளையாகத் தொங்குகிறது. தொட்டிக்குள் நிற்கிற ஊசிகள் தண்ணீரின் புளிப்பையும் உப்பையும் பார்த்து உன் போனுக்குச் சொல்கின்றன. எல்லாம் சரியென்றால் சுவரில் பச்சை, பிழையென்றால் சிவப்பு. இவ்வளவும் நான் மெல்ல மெல்லப் படித்தவை. படிப்பித்தவள் யசிந்தா. இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒருநாள்கூடக் கால் கழுவாமல் அந்த அறைக்குள் போகவில்லை. நான் போன ஒருநாள், “ஐயா, இது கோயில் மாதிரி, செருப்பை வெளியிலை விடுங்கோ” என்றாள். அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளை என்னைக் கோயில் என்று வெருட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு.

முதல் வெட்டிய சலாது இலையில் ஒரு கட்டு நான் மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டு போனது உனக்குத் தெரியாது. கோவா இலை குவித்து விற்கிற ஒரு மனிசி தூக்கிப் பார்த்துவிட்டு, “உது என்ன, கோவாவின்ரை தங்கச்சியோ? இன்னும் வயசுக்கு வரேல்லைப் போலை” என்றாள். திருப்பிக் கொண்டுவந்தேன். பிறகு யசிந்தாதான் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கி வாங்குவதற்கு ஆள் பிடித்தாள். அதையும் நீ மறக்கக்கூடாது.

ஆடி தொடக்கம் ஆறு தடவை தண்ணீர் பிழைத்தது உண்மை. கடைசித் தடவை முந்நூற்றுநாற்பது செடி நுனி கருகிப் போனதும் உண்மை. அவ்வளவையும் நாகேஸ்வரியின் ஆட்டுக்குப் போட்டோம். ஆடு மோந்து பார்த்துவிட்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தது.

ஆறு தடவையும் செவ்வாய் அல்லது சனிதான் என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய். செவ்வாய்க்கிழமை அவள் அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறாள், சனிக்கிழமை மத்தியானத்தோடு போகிறாள், ஆகவே அவளின் கவலையீனம் என்று தீர்த்துவிட்டாய். தம்பி, அவள் இரண்டு வருடமாக அந்தோனியாரிடம் போகிறாள். பிழை வந்தது இரண்டு மாதமாகத்தான். கணக்குப் படித்தவன் நீ. இதை நான் சொல்லித் தரவேண்டுமா?

நாகேஸ்வரி எழுதுவதை நிற்பாட்டிவிட்டு, “அத்தான், உந்தப் பெட்டைக்கு நீங்கள் ஏன் இப்பிடி வக்காலத்து வாங்கிறியள்? சம்பளம் குடுக்கிறவனுக்குத் தெரியாதோ?” என்று கேட்கிறாள். அதையும் எழுது என்று சொன்னேன். முறைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

அவளில் பிழை இல்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அப்பா சொன்னால் போதும் என்று எடுத்துக்கொள்.

அந்தப் பெட்டியும் வேண்டாம், கமெராவும் வேண்டாம். இங்கே வெயில். கிணறு ஒரு முழம் இறங்கிவிட்டது. வாழைகள் குலை தள்ளி நிற்கின்றன, கதலி இந்த முறை பரவாயில்லை.

மழையும் வெயிலும் உங்களுக்கு அளவோடு இருக்கட்டும். பேத்தி கார் ஓடும்போது கவனம் என்று சொல்லு.

அப்பா சண்முகநாதன்
(சொன்னது அவர், எழுதியது நாகேஸ்வரி)


நீர்வேலி தெற்கு,
19.09.2024.

என் அன்பு மகன் கோபிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். பிரசாந்தி கேட்டால் பிறகு நீயே வாசித்துக் காட்டு.

போன கிழமைக் கடிதம் கிடைத்த மறுநாள் நீ போன் எடுத்தாய். “அப்பா, உங்களுக்கு உது விளங்காது, விடுங்கோ. முப்பதாம் திகதி அவவின்ரை கணக்கை முடிச்சு விடுவம். சாப்பிட்டியளோ? சரி, வைக்கிறன்” என்றாய். இரண்டு நிமிடமும் இல்லை. நான் சாப்பிட்டேனா என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை எழுதுகிற கை யசிந்தாவின் கை. எழுத்து மாறியிருப்பது உனக்குத் தெரியும்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாததற்கு நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. ஏழு வயதில் என்னைத் துலாவில் ஏற்றிவிட்டார்கள். துலா மரத்தில் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைக்கிற பொடியன் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவது. பிறகு உன் அம்மா வந்தாள், வாசிக்க வேண்டியதை அவள் வாசித்தாள், நான் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். ஆனால் இந்த ஒரு கிழமை வெட்கப்பட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கென்று ஒரு கை இல்லை. நாகேஸ்வரியிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் நீர்வேலி முழுக்கத் தெரிந்துவிடும். மிச்சம் இருந்தது இவள். இவளுக்குத்தான் நான் அநியாயம் செய்தேன்.

இன்று காலை செடிகளுக்குப் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டு வந்தவளைக் கூப்பிட்டு, பிள்ளை, கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வா, ஒரு கடிதம் இருக்கிறது என்றேன். விறாந்தையில் இருந்தாள். இருந்து முதல் வரி எழுதிய பிறகு அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உனக்கும் சொல்கிறேன்.

தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றியது நான்.

நீ யூலை என்று சொல்கிற ஆடி மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்குக் கரண்ட் போனது. அவள் கோயிலால் இன்னும் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. வீட்டுக் கிணற்றில் நீ மோட்டாரும் வடிகட்டியும் மீற்றரும் பூட்டி வைத்திருக்கிறாய், கரண்ட் இல்லாமல் ஒரு சொட்டும் வராது. எனக்குப் பயம். செடி வாடினால் நீ என்ன சொல்வாய். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்குக் கிணற்றுக்குப் போய் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து ஊற்றினேன். மூன்று தலைமுறை குடித்த தண்ணீர். இந்தக் குறிச்சியில் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. அதன் சுண்ணாம்பு இந்தச் செடிக்கு நஞ்சாகும் என்று எந்த நீர்வேலியான் நினைப்பான்?

கரண்ட் வந்ததும் சிவப்பு எரிந்தது. ஐந்து நிமிடம் இல்லை, போன் அடித்தது. நீ. உனக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். “அப்பா, உள்ளை போய்ப் பாருங்கோ. ஊசி தண்ணிக்குள்ளை நிக்குதோ? புளிப்பு வாற பச்சைக் குழாயைக் கொஞ்சம் திறவுங்கோ” என்றாய். திறந்தேன். எண் ஒரேயடியாக இறங்காதாம், மெல்ல மெல்லத்தான் வருமாம். அது வரும்மட்டும் போனை வைக்காதேங்கோ என்றாய்.

அந்த நேரம் முழுக்க நீ என்னோடு கதைத்தாய். உன் முழங்கால் நோவுக்கு டொக்டர் என்ன சொன்னார் என்று சொன்னாய். வேலையிடத்தில் உனக்கு மேலே இருக்கிறவனைப் பற்றிச் சொன்னாய். சின்ன வயதில் வாழைத் தோட்டத்துக்குள் நீ பாம்பென்று நினைத்து மிதித்த இறைப்புக் குழாயைப் பற்றி நீயாகவே சொல்லிச் சிரித்தாய். அது நடந்தது எண்பத்தேழு மாசியில், உனக்கு ஒன்பது வயது, நீலக் களிசான். நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். பச்சை எரிந்ததும் வைத்துவிட்டாய். இருபத்திமூன்று நிமிடம் என்று போனைப் பார்த்துவிட்டு யசிந்தா பிறகு சொன்னாள்.

அம்மா போன பிறகு அவ்வளவு நேரம் நீ என்னோடு கதைத்ததில்லை தம்பி. குறை சொல்லவில்லை. உனக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பத்து நாள் பச்சைதான் எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. போன் அடிக்கவில்லை.

இருபதாம் திகதி சனிக்கிழமை அவள் போன பிறகு இன்னொரு வாளி ஊற்றினேன். இது தெரியாமல் செய்தது இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அன்று நீ கதைத்தது குளிரைப் பற்றி. பிரசாந்தியின் தாய் விழுந்ததைப் பற்றி. முப்பதாம் திகதி, செவ்வாய், பேத்தி கார் ஓடப் பழகுவதைப் பற்றி, அன்று நீ ஒரு தடவை அழப் பார்த்தாய், ஏனென்று நான் கேட்கவில்லை. ஆவணி பதின்மூன்று இரண்டு வாளி ஊற்றினேன். ஒரு வாளி என்றால் இருபது நிமிடம், இரண்டு வாளி என்றால் முக்கால் மணித்தியாலம் என்று அன்று கண்டுகொண்டேன். அம்மா வைக்கிற இறால் குழம்பில் முருங்கைக்காய் எப்போது போடுவது என்று கேட்டாய். கொதித்து அடங்கின பிறகு என்று சொன்னேன். இருபத்திநாலாம் திகதி சனி, மெல்பேண் வீட்டை நீ விற்கலாமா வேண்டாமா என்று என்னிடம் யோசனை கேட்டாய். என்னிடம் யோசனை கேட்டாய்.

இந்த மாதம், புரட்டாதி மூன்றாம் திகதி செவ்வாய், மூன்று வாளி. எனக்கு ஆசை கூடிவிட்டது. அன்று நீ பத்து நிமிடத்தில் வைத்துவிட்டாய், இந்த ஊசிகளைப் பூட்டித் தந்த, கொழும்பில் இருக்கிற றொகானைக் கேட்கவேண்டும், அவன் படித்தவன் என்று. செடி கருகினது அன்றுதான்.

இவ்வளவையும் யசிந்தாவுக்குச் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அறைக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் எண்களை எழுதி வைக்கிற கொப்பி. “ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ ஐயா. எத்தினை மணி, எத்தினை வாளி” என்றாள். நான் வாயால் சொன்னேன், அவள் விரலால் தேடினாள். ஆறும் சரி. ஒரு நாளும் நான் பிழைக்கவில்லை.

கொப்பியை மூடிப்போட்டுச் சொன்னாள், “ரெண்டு மாசமா நான் உந்த ஊசியளைக் கழட்டிக் கழுவிப் பூட்டினனான். குழாயெல்லாம் பிரிச்சனான். என்ரை படிப்பே பிழையோ எண்டு யோசிச்சு நித்திரை இல்லை. நீங்கள் உந்தக் கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?” என்று. ஓம் என்றேன். “தேத்தண்ணியும் போட்டுத் தந்தனீங்கள்” என்றாள். அதற்கும் ஓம் என்றேன். “வாளி விளிம்பிலை சுண்ணாம்பு படிஞ்சு வெள்ளையாக் கிடந்தது. கண்டும் எனக்கு விளங்கேல்லை. ஆர் நினைக்கிறது!” என்று தன்னையே ஏசினாள்.

பிறகு ஒன்று கேட்டாள். “எல்லாம் சரி ஐயா, ஏன் செவ்வாயும் சனியும்? ஞாயிறு நான் வாறதே இல்லை. அண்டைக்கு ஊத்தியிருந்தால் என்ரை தலையிலை விழுந்திருக்காதே!”

அதற்குப் பதில் உனக்கும் தெரியவேண்டும். அது நாலு பங்குக்காரரின் கிணறு, முறை வைத்துத்தான் அள்ளுவோம். ஞாயிறும் புதனும் கந்தையா வீடு. திங்களும் வியாழனும் மேற்கு வளவுக்காரர். வெள்ளி ஐயனார் கோயில் பூந்தோட்டம். எங்கள் முறை செவ்வாயும் சனியும். இப்போது கந்தையாவின் பிள்ளைகள் பிரான்சில். மேற்கு வளவில் குழாய்க் கிணறு. கோயிலுக்கும் பைப் தண்ணீர். அந்தக் கிணற்றில் அள்ளுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. என்றாலும் மற்றவனின் முறையில் நான் வாளி போட்டதில்லை. இந்தக் களவுக்கும் போடவில்லை. அதனால் அந்தக் களவு இந்தப் பிள்ளையின் நாட்களில் போய் விழுந்தது. கந்தையாவின் முறைக்கு மரியாதை கொடுத்தேன், கண்ணுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபமாகவே இருந்தாள். “நான் எழுதித் தாறன். ஆனால் ஒரு சொல்லும் மாத்தி எழுத மாட்டன், நல்லாச் சொல்லியும் எழுத மாட்டன்” என்றாள். அப்படியே எழுது என்றேன்.

இந்த வேலை போனால் அவள் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பிள்ளைகள் இரண்டையும் தாய் செபஸ்தியம்மாவோடு இளவாலையில் விட்டுவிட்டு. “போனிலைதான் கதைக்கவேண்டி வரும்” என்றாள்.

ஆகவே தம்பி, அவளை நிற்பாட்டாதே. றொகானுக்கும் ஹோட்டல்காரருக்கும் அவளில் பிழை இல்லை என்று நீயே உன் வாயால் சொல்லு. காரணம் கேட்டால் கிழவன் செய்த வேலை என்று சொல்லு, எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அவளிடம் நீ மன்னிப்பும் கேட்கவேண்டும். நான் கேட்டுவிட்டேன். அவள் இன்னும் தரவில்லை, தருகிற நேரம் தரட்டும்.

பெட்டி வருவதென்றால் வரட்டும். கமெராவும் பூட்டு. நான் இனி அந்தத் தொட்டிக்குக் கிட்டப் போகமாட்டேன். அம்மாவின் மேல் ஆணை. வாளியை யசிந்தாவிடம் கொடுத்துவிட்டேன், அவள் தன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறாளாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பங்குக் கிணற்றில் ஒரு ஒழுங்கு இருந்தது. மாரியில் மழை கொட்டித் தோட்டம் முழுக்க வெள்ளம் நிற்கும். ஒருவருக்கும் தண்ணீர் தேவையில்லை. என்றாலும் முறைக்காரன் விடியக் கிணற்றடிக்கு வரவேண்டும். வந்து, இண்டைக்கு எனக்குத் தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். என் அப்பாவும் கந்தையாவும் எல்லை வேலிக்காக ஆறு வருடம் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போனவர்கள். முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் முறை நாளில் வந்து நின்று, கிணற்றைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவன் தன் முறைக்கு வராவிட்டால், அடுத்த முறைக்காரன் அன்றைக்கே அவனின் படலையில் போய் நின்று கூப்பிடுவான், ஆள் இருக்கிறானா என்று பார்க்க. அறுபத்துநாலு மார்கழியில் என் அப்பா செத்துக் கிடந்ததை முதலில் கண்டது கந்தையாதான். அப்படித்தான் கண்டார்.

எனக்கு இரண்டு நாளும் வேண்டாம். சனியை நீ வைத்துக்கொள், உனக்கு வீட்டில் ஆயிரம் வேலை. செவ்வாயை எனக்குத் தா. உன் சாப்பாட்டு நேரம், இங்கே காலை எட்டு மணி. கதைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வை. சுவரில் பச்சை எரிகிற செவ்வாயிலும் எடு.

உன் முழங்காலும், உன் வீடும், பிரசாந்தியும், பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நான் கும்பிடுகிறேன்.

உன் அப்பா
சண்முகநாதன்
(பெருவிரல் அடையாளம்)

இதற்குக் கீழே யசிந்தா தன் பாட்டுக்கு ஏதோ எழுதவேண்டுமாம். தன் பக்கத்து நியாயமாக இருக்கும். எழுதட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது.

கோபி அண்ணை, நான் யசிந்தா. இதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டாமல் எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம்தான், அது என் பாடு. ஆனி மாதம் பதினெட்டு தொடக்கம் இருபத்தொன்று வரை ஐயாவுக்குக் கடும் காய்ச்சல். கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் இருந்தார். உங்களுக்குச் சொல்லப் போனேன், மகனுக்கு வேலை கெடும், சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாளும் அப்படியே இருந்தார். கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அந்த நாலு நாளும் அறைக்குள் எல்லா எண்ணும் சரியாக இருந்தன. என் வேலையை நீங்கள் எப்படியும் முடிவெடுங்கோ. செவ்வாய்க்கிழமை மட்டும் எடுங்கோ.